கை பழகக் கண் பழகும்

கலையைக் கற்போர் எல்லாரும் கலைஞர் ஆவதில்லை. ஆயினும், ஒரு கலையைக் கையால் தொட்டுப் பழகியவர் அக்கலையின் பெரும்படைப்புகளைக் காணும் பார்வை வேறாகிவிடுகிறது. வெள்ளைப் பீங்கானில் வண்ணம் தீட்டுவது ஒரு சிறிய பொழுதுபோக்கு. அச்சிறு பொழுதுபோக்கு, குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்களைக் காணும் கண்ணை எவ்வாறு தருகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அருவிகளின் ஊரில் ஓர் அமைதி

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து வீசத் தொடங்கியதும் தென்காசி வட்டாரத்தின் முகம் மாறுகிறது. வெயிலில் காய்ந்த வயல்களின்மேல் மெல்லிய சாரல் படிகிறது. நகருக்கு மேற்கே, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்தில் பேரருவி பெருக்கெடுக்கிறது. பேரருவியில் நீராட வருவோர், ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் செல்வோர், கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குவோர், கிராம்பையும் சாதிக்காயையும் பொட்டலம் கட்டிக்கொள்வோர் என ஊர் நிறைந்து வழிகிறது. குற்றாலநாதர் கோயிலிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

அக்கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில், தெப்பக்குளத்தின் அருகே, செப்புத் தகடு வேய்ந்த கூரையுடன் சித்திர சபை நிற்கிறது. அங்கு மட்டும் அமைதி குடியிருக்கிறது. உள்ளே சுவர்களெங்கும் ஓவியங்கள். வருவோருள் பலர் விரைந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘பழைய படங்கள்’ என்று சொல்லி வெளியேறிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இசையைக் கேட்கப் பழகுவது போலவே ஓவியத்தைப் பார்க்கவும் பழக வேண்டும். அப்பழக்கத்தை நூல்களிலிருந்து பெறலாம். அறிந்தோர் சொல்லக் கேட்டும் பெறலாம். தானே ஒரு கோடு இழுத்துப் பார்த்துப் பெறுவது மூன்றாவது வழி. அதற்குப் பெரிய சுவர் தேவையில்லை. உள்ளங்கை அகலமுள்ள வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றே போதும்.

பீங்கான் கடந்து வந்த பாதை

பீங்கான் என்பது பாரசீக மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். ஐரோப்பியர் அதற்கு வழங்கிய பெயரோ, சோழியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. சோழியின் ஓட்டில் காணும் வெண்மையும் வழவழப்பும் அப்பெயருக்குக் காரணம். சீனத்தின் ஜிங்டெசென் நகருக்கு அருகிலுள்ள காவோலிங் என்னும் இடம், கயோலின் என்னும் வெண்களிமண்ணுக்குப் பெயர் தந்தது. அம்மண்ணை உருகும் தன்மையுள்ள பாறைத்தூளுடன் பிசைந்து, ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் பீங்கான் கிடைக்கிறது. அதில் நீர் புகாது. தட்டினால் மணி போல ஒலிக்கும். மெல்லியதாக வனைந்தால் ஒளி ஊடுருவும்.

இத்தொலைநாட்டுக் கலம் தென்பாண்டி நாட்டுக்குப் புதியதன்று. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. தாமிரபரணி கடலைச் சேரும் இடத்துக்கு அருகே பழையகாயல் உள்ளது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பல நாட்டுக் கப்பல்களும் வந்து தங்கும் துறைமுகமாகக் காயலைக் குறிப்பிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆராய்ந்த கால்டுவெல், சீனப் பீங்கான் ஓடுகள் அங்கே கிடைத்ததைப் பதிவு செய்துள்ளார். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. கப்பலில் வந்த தட்டுகளும் கிண்ணங்களும் உடைந்து மண்ணுக்குள் போயின. அவற்றின் மேல் யாரோ ஒருவர் தூரிகையால் இட்ட கோடு மட்டும், எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிறம் மங்காமல் இருக்கிறது.

கலத்தின்மேல் அழகு செய்யும் ஆசை அதற்கும் மூத்தது. அதே தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில், இந்தியத் தொல்லியல் துறை 2004ஆம் ஆண்டு தொடங்கி நடத்திய அகழாய்வில் ஒரு பானைத்துண்டு கிடைத்தது. பெண் உருவம், நெற்கதிர், கொக்கு, மான் ஆகியவை அதன்மேல் மண்ணாலேயே புடைப்பாக ஒட்டப்பட்டுள்ளன. நீரும் சோறும் வைக்கப் பானை போதும். கொக்கும் மானும் வேண்டியதில்லை. வேண்டாத ஒன்றை விரும்பிச் சேர்த்த அந்தக் கையிலிருந்துதான் அழகுக்கலை தொடங்குகிறது.

பீங்கானின் செய்முறையை ஐரோப்பா நெடுங்காலம் அறியாதிருந்தது. 1717இல் சாக்சனி அரசர் அகஸ்டஸ், 151 பீங்கான் கலங்களைப் பெறுவதற்காக 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்ய அரசருக்குக் கொடுத்தார் என்று வரலாறு சொல்கிறது. அவருடைய நாட்டிலேயே 1710இல் மைசன் நகரில் ஐரோப்பாவின் முதல் பீங்கான் தொழிற்சாலை தொடங்கப்பட்டிருந்தது. வீரர்களை விலையாகப் பெற்ற அப்பொருள் இன்று எல்லார் வீட்டுச் சமையலறையிலும் தேநீர்க் கோப்பையாக இருக்கிறது. தென்காசிக்கும் அது அயற்பொருள் இல்லை. செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கொல்லம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள குண்டறா, வெண்களிமண்ணுக்கும் பீங்கான் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊராகும்.

வண்ணமும் எண்ணெயும் தீயும்

பீங்கானில் ஓவியம் தீட்ட இரண்டு முறைகள் உள்ளன. முதல் முறையில், மெருகு ஏற்றுவதற்கு முன்பே கலத்தின்மேல் வண்ணம் தீட்டப்படுகிறது. அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகைப் பூசிப் பெரும் வெப்பத்தில் சுடுகின்றனர். அவ்வெப்பத்தைத் தாங்கும் வண்ணங்கள் சிலவே. அவற்றுள் தலையாயது கோபால்ட் தரும் நீலம். சீனக் கலங்கள் பலவும் வெள்ளையில் நீலமாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் முறையில், மெருகேற்றிச் சுட்டு முடித்த வெள்ளைக் கலத்தின்மேல் வண்ணம் தீட்டி, மீண்டும் குறைந்த வெப்பத்தில் சுடுகின்றனர். பொழுதுபோக்காகப் பயில்வோர் பெரும்பாலும் கைக்கொள்வது இம்முறையையே. கலத்தைத் தாமே வனைய வேண்டியதில்லை. கடையில் வாங்கிய வெற்றுத்தட்டே போதுமானது.

வண்ணம் பொடியாகக் கிடைக்கிறது. உலோக ஆக்சைடுகளை, எளிதில் உருகும் கண்ணாடித் தூளுடன் சேர்த்து அரைத்த பொடி அது. இரும்பு செம்மையையும் பழுப்பையும் தரும். குரோமியம் பச்சையைத் தரும். கோபால்ட் நீலத்தைத் தரும். உரோசா நிறத்துக்கும் ஊதாவுக்கும் உள்ளே இருப்பது பொன். பொன்னின் மிக நுண்ணிய துகள்கள் கண்ணாடிக்குள் பரவும்போது மஞ்சளாகத் தெரிவதில்லை. சிவந்தும் ஊதாவாகவும் தெரிகின்றன. குற்றாலக் கடைத்தெருவின் மங்குஸ்தான் பழத்தைத் தட்டில் தீட்ட விரும்புபவர், அதன் கருஞ்சிவப்புத் தோலுக்குப் பொன் கலந்த வண்ணத்தையே நாட வேண்டியிருக்கும்.

பொடியை எண்ணெயில் குழைக்க வேண்டும். தீட்டுவோர் பயன்படுத்தும் எண்ணெய்களுள் கிராம்பு எண்ணெயும் ஒன்று. அது விரைவில் உலராது. ஆகவே, இதழின் விளிம்பை மென்மையாக்கவும் நிழலைப் படிப்படியாகக் குறைக்கவும் கைக்கு நேரம் தருகிறது. கிழக்கிந்தியக் கும்பினியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்தில் நறுமணப் பயிர்த்தோட்டம் அமைத்துக் கிராம்பையும் சாதிக்காயையும் வளர்த்துப் பார்த்தனர். பல் வலிக்கும் பிரியாணிக்கும் மட்டுமே உரியதென்று கருதப்படும் அக்கிராம்பின் மணம், பீங்கான் ஓவியம் தீட்டும் அறையிலும் கமழ்கிறது.

தட்டை எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைப்பது முதல் வேலை. விரல்ரேகை படிந்த இடத்தில் வண்ணம் ஒட்டாது. பின்னர், தீயில் எரிந்து மறையக்கூடிய மெழுகுப் பென்சிலால் உருவம் வரையப்படுகிறது. வண்ணத்தை மெல்லியதாகவே பூச வேண்டும். தடித்துப் பூசினால் சுடும்போது அது கொப்புளித்துப் பெயர்ந்துவிடும். ஆழமான நிறம் வேண்டுமென்றால் ஒருமுறை சுட்டபின் அதன்மேல் மறுபடியும் தீட்டி மறுபடியும் சுட வேண்டும். ஒரு பூவுக்கு மூன்று நான்கு முறைகூடத் தீயைக் காண நேரும். ஏறத்தாழ 750 முதல் 820 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மெருகு சற்றே இளகி, வண்ணத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்தபின் விரலால் தடவினால் வண்ணம் தனியே தட்டுப்படுவதில்லை. பொன்கோடு இடுவதாயின் அது இறுதியில், அனைத்து வண்ணங்களும் சுடப்பட்ட பின்னரே இடப்படுகிறது.

சூளை இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. வீட்டு மின்னடுப்பில் 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்தால் இறுகும் வண்ணங்கள் இன்று கிடைக்கின்றன. அவை சூளை வண்ணங்களைப்போல் நெடுங்காலம் நிலைப்பதில்லை. தொடக்கப் பயிற்சிக்கு உதவுகின்றன. எம்முறையாயினும் இரண்டு எச்சரிக்கைகள் பொருந்தும். வண்ணப்பொடியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் அணிய வேண்டும். சில வண்ணங்களில் ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் இருக்கக்கூடும். ஆதலால், அலங்காரத்துக்காகத் தீட்டிய தட்டில் உணவு பரிமாறுதல் கூடாது. அதன் இடம் சுவரும் அலமாரியுமே.

தீ கற்பிக்கும் பொறுமை

பீங்கான் ஓவியத்தில் தீட்டுபவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். மறுபாதியைத் தீ செய்கிறது. சூளைக்குள் வைத்த வண்ணம் ஒன்று. வெளியே வரும் வண்ணம் மற்றொன்று. சாம்பல் நிறமாகச் சென்றது நீலமாக வருகிறது. அழகிய செம்மையாகச் சென்றது, வெப்பம் சற்று மிகுந்தால் வெளிறிப்போய் வருகிறது. செம்மையின்மேல் மஞ்சளைப் படரவிட்டால் மஞ்சள் அச்செம்மையைத் தின்றுவிடுகிறது. இவை எல்லாவற்றையும் புதிதாகப் பயில்பவர் தட்டுகளை இழந்தே கற்றுக்கொள்கிறார். அனுபவம் உள்ளவர்கள், தம்மிடம் உள்ள ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு சிறு வில்லையில் பூசிச் சுட்டு, அதனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கின்றனர். கண் முன்னால் இருக்கும் நிறத்தை நம்பாமல், இனி வரப்போகும் நிறத்தை எண்ணித் தீட்டுவதற்கு அவ்வில்லை துணை செய்கிறது.

சாரல் காலம் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. ஈரம் மிகுந்த காற்றில் எண்ணெய் வண்ணம் உலர மறுக்கிறது. உலராத வண்ணத்தில் பறந்து வரும் நூலிழையும் தூசியும் ஒட்டிக்கொள்கின்றன. சுடும்போது அந்நூலிழை எரிந்துபோகும். அது கிடந்த தடம் மட்டும் வெண்கோடாக எஞ்சும். சுடுவதற்கு முன் எந்தப் பிழையையும் துடைத்தெறியலாம். சுட்டபின் அது தட்டின் உடைமையாகிவிடும். ஆகையால், அவசரப்படுவோர் இக்கலையில் தேறுவதில்லை. சூளையின் கதவை முன்கூட்டியே திறந்தால் குளிர்ந்த காற்று பட்டுக் கலம் வெடிக்கும். தீ மூட்டியவர் ஓர் இரவு முழுதும் காத்திருக்க வேண்டும். ஒரு விரலசைவில் எல்லாம் நடந்தேறும் இக்காலத்தில், ஒரு பொருளுக்காக ஓரிரவு காத்திருப்பதே அரிய பயிற்சியாகும்.

கை இவ்வாறு பழகும்போது கண்ணும் உடன் பழகுகிறது. செண்பகப் பூவை நாள்தோறும் கண்டவருக்கும், அதைத் தீட்ட அமர்ந்த பின்னரே அதன் இதழ்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்னும் ஐயம் எழுகிறது. டென்மார்க் நாட்டில் 1790இல் ‘ஃபுளோரா டானிகா’ என்னும் பீங்கான் தொகுதியைச் செய்யத் தொடங்கினர். அந்நாட்டுத் தாவரங்களை, தாவரவியல் நூலின் படங்களைப் பார்த்து, வேரும் இலையும் பூவுமாகத் தட்டுகளில் தீட்டினர். மூலிகைகளுக்குப் பெயர் பெற்ற பொதிகை மலைச்சாரலில் வாழும் மாணவர் ஒருவர், தம் ஊர்ச் செடி ஒன்றைத் தட்டில் தீட்ட முயன்றால், அச்செடியைப் பாடநூலில் படிப்பதைவிட நெருக்கமாக அறிந்துகொள்வார்.

‘இதனால் என்ன கிடைக்கும்?’

பொழுதுபோக்காக ஒரு கலையைப் பயிலும் எவரும் இக்கேள்வியிலிருந்து தப்புவதில்லை. விடுமுறை நாளில் தட்டும் தூரிகையுமாக அமர்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, வீட்டுக்கு வந்த தாய்மாமன் கேட்பார்: “காலையிலேருந்து குனிஞ்சே கிடக்கியே தாயி, இதனால என்ன கிடைக்கும்?” அவள், “ஒண்ணும் கிடைக்காது மாமா, வரையணும்போல இருக்கு” என்பாள். மாமாவின் கேள்வியில் அன்பு உண்டு. மதிப்பெண்ணும் வேலையும் குறித்த கவலையும் உண்டு. ஆகவே, அக்கேள்வியை நேராகவே எதிர்கொள்ள வேண்டும்.

விலையை வைத்துப் பார்த்தால் விடை எளிது. கையால் தீட்டும் தட்டு இயந்திரத்தோடு போட்டியிட முடியாது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர், ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளில் அச்சுமுறையால் படம் பதித்துக் காட்டினர். கையால் தீட்டுவோர் பலர் நெடுநாள் உழைத்தாலன்றி முடியாத வேலை அது. இன்று கடைகளில் கிடைக்கும் பூப்போட்ட தட்டுகளுள் பெரும்பாலானவை, அச்சிட்ட தாளிலிருந்து படம் பெயர்த்து ஒட்டிச் சுடப்பட்டவையே. ஒரே பூ, ஒரே அளவில், ஒரே இடத்தில் ஆயிரம் தட்டுகளில் மலர்கிறது. மலிவான அழகு எல்லாருக்கும் கிடைத்தது இதனாலேயே. அதைப் பழிக்க வேண்டியதில்லை.

விந்தை என்னவெனில், அச்சுமுறை பெருகிய பின்னரே பீங்கானில் கையால் தீட்டுவது மக்களிடையே பொழுதுபோக்காகப் பரவியது. இலண்டனில் 1876 முதல், தொழில்முறை ஓவியர் அல்லாத பெண்கள் தீட்டிய பீங்கான்களுக்கென்றே ஆண்டுதோறும் கண்காட்சிகள் நடந்தன. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த மேரி லூயிஸ் மெக்லாக்லின், புதிதாகப் பயில்வோருக்காக 1877இல் ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். அதே நகரில் பீங்கான் ஓவியம் பயின்ற மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ், 1880இல் ரூக்வுட் என்னும் மட்கலக் கூடத்தை நிறுவினார். பெண்கள் தொழில் நடத்துவது அரிதாயிருந்த காலத்தில், சமையலறை மேசையில் தொடங்கிய ஒரு பொழுதுபோக்கு அவர்களுள் சிலருக்குத் தொழிலின் வாயிலையும் திறந்துவிட்டது.

அவ்வாறு வாயில் திறக்காத இடத்திலும் கிடைப்பது ஒன்று உண்டு. குற்றாலம் அதற்குச் சான்று கூறும். சட்டம் பயின்ற டி. கே. சிதம்பரநாதர், பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தவர். அவருக்கு உலகம் வழங்கிய பட்டம் சட்டத்தால் வந்ததன்று. ‘இரசிகமணி’ என்பதே அப்பட்டம். கவிதையை நண்பர்களுடன் கூடிச் சுவைப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர் அவர். நல்லதைக் கண்டால் நின்று சுவைக்கத் தெரிந்த ஒருவரை ஊர் போற்றிய மரபு இது. கையால் பழகுபவர் அச்சுவையை வேறொரு வழியில் அடைகிறார்.

சித்திர சபையின் முன்

பத்துத் தட்டுகளைத் தீட்டி, அவற்றுள் ஏழினைப் பாழாக்கிய ஒருவர், ஒரு சாரல் நாளில் சித்திர சபைக்குள் நுழைவதாகக் கொள்வோம். முன்பு ‘பழைய படங்கள்’ என்று கடந்துபோனவர் இப்போது வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

நடராசர் பிற அம்பலங்களில் திருமேனியாகக் காட்சி தருகிறார். இங்கோ அவர் சுவரில் தீட்டிய ஓவியமாகவே ஆடுகிறார். அருகில் சிவகாமியம்மை நிற்க, தேவர்கள் சூழ்ந்திருக்கின்றனர். சுற்றுச்சுவர்களில் திருவிளையாடற் காட்சிகளும் இறைவடிவங்களும் வரிசையாக விரிகின்றன. நாயக்கர் கால ஓவியமரபையும் மலைக்கு அப்பாலுள்ள கேரளச் சுவரோவியங்களின் சாயலையும் ஒருங்கே இங்குக் காணலாம்.

தீட்டிப் பழகிய கண் முதலில் தேடுவது கோட்டை. தூக்கிய திருவடியின் வளைவு ஒரே வீச்சில் இழுக்கப்பட்டதா, இடையில் தூரிகை எடுக்கப்பட்டதா? ஓரடித் தட்டில் ஒரு காம்பை நடுங்காமல் வரைய மாதக்கணக்கில் முயன்றவருக்கு, சுவரெங்கும் நீண்டு செல்லும் அக்கோடு என்ன உழைப்பைக் கோரியிருக்கும் என்பது தெரியும். தட்டைத் திருப்பிக்கொள்ளலாம், சுவரைத் திருப்ப முடியாது. தட்டு மடியில் இருக்கும். சுவருக்கோ சாரம் கட்டி ஏறி, தலையை அண்ணாந்து நின்று வரைய வேண்டும். அடுத்து அவர் கண் வண்ணத்துக்குச் செல்கிறது. காவியும் மஞ்சளும் பச்சையும் கறுப்புமாக எண்ணிக்கையில் சிலவே உள்ளன. அவற்றைக் கொண்டே இத்தனை முகங்கள் வேறுபடுத்திக் காட்டப்பட்டுள்ளன. எந்த முகமும் அச்சில் வார்த்த மறுபடி அன்று.

*தெரிந்து தெளிவோம்*
*சிவபெருமானின் ஐந்து ஆடல் அரங்குகள்:*
*பொன்னம்பலம் – சிதம்பரம்*
*வெள்ளியம்பலம் – மதுரை*
*தாமிர அம்பலம் – திருநெல்வேலி*
*இரத்தின அம்பலம் – திருவாலங்காடு*
*சித்திர அம்பலம் – குற்றாலம்*

பின்னர் அவருக்கு ஓர் அச்சம் தோன்றுகிறது. தம் தட்டின் வண்ணம் தீயில் புகுந்து மெருகுக்குள் அடைக்கலம் பெற்றது. நீரும் காற்றும் அதனை எளிதில் ஒன்றும் செய்யா. இச்சுவரோவியத்துக்கு அத்தகைய காப்பு இல்லை. சுண்ணப்பூச்சின்மேல் வண்ணம் மெல்லிய படலமாக இருக்கிறது. சுவரில் ஈரம் ஏறினால் பூச்சு உப்பிப் பெயரும். விளக்குப் புகை படிந்தால் முகங்கள் இருளும். எண்ணெய்க் கை பட்டால் நிறம் கறுக்கும். ஆணியோ சாவியோ கொண்டு ஒருவர் தம் பெயரைக் கீறினால், பல நாள் உழைத்த ஒரு முகம் நொடியில் அழியும். ஆண்டில் பல மாதங்கள் சாரலில் நனையும் ஊரில் இவ்வோவியங்கள் இதுவரை நிலைத்திருப்பது, காலந்தோறும் யாரோ சிலர் கூரையைப் பழுதுபார்த்து, ஈரத்தை விலக்கி, பார்த்துக்கொண்டதன் பயனே.

பீங்கானும் அழியாப் பொருளன்று. வண்ணம் நூற்றாண்டுகள் கடந்து நிற்கும். கலமோ கை நழுவினால் ஒரு கணத்தில் உடையும். காயல் கடற்கரையின் ஓடுகள் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்கின்றன. தீயால் காக்க முடிந்ததற்கும் ஒரு கை துணை வேண்டும். தீயைக் காணாத சுவருக்கோ பல கைகள் வேண்டும்.

காக்கும் கைகள்

இவ்வுண்மையைத் தென்காசி முன்னரே அறிந்திருந்தது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், தன் பெருமையை மட்டும் கல்லில் பொறித்துவிட்டு அமையவில்லை. பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை ஏதும் நேர்ந்து, அதனைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவர்தம் அடியைப் பணிவதாகவும் எழுதிவைத்தான். கட்டியவன் ஓர் அரசன். பழுதுபார்க்கப் போகிறவர் பெயரும் முகமும் அறியாத ஒருவர். அவருடைய காலில் அரசன் முன்கூட்டியே விழுகிறான்.

அவன் எண்ணியது போலவே குறை நேர்ந்தது. கோயிலின் இராசகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. பின்னர் மக்கள் முயற்சியால் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. அரசன் பணிந்த அடிகள் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தன.

ஒன்றைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அறிவுரையால் மட்டும் பிறப்பதில்லை. ‘சுவரில் எழுதாதீர்’ என்னும் பலகை எல்லா இடங்களிலும் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பெயர்களும் கீறப்பட்டிருக்கின்றன. ஆனால், ஒரு பூவிதழின் விளிம்புக்காக மூன்று முறை சூளை மூட்டியவர், எந்தச் சுவரோவியத்தின்மேலும் ஆணியை வைக்க மாட்டார். பிறர் வைக்கும்போதும் அவரால் வாளா இருக்க இயலாது. மாமா கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. தட்டு விலை போகாமல் இருக்கலாம். அலமாரியில் நெடுநாள் இருந்து ஒருநாள் உடைந்தும் போகலாம். அதைத் தீட்டிய நாள்களில் உருவான கண்ணும் கவனமும் அவரோடு தங்கிவிடுகின்றன.

எல்லாரும் பீங்கானில்தான் தீட்ட வேண்டும் என்பதில்லை. செங்கோட்டைக்கு அருகிலுள்ள தேன்பொத்தையில் வனையப்படும் மண்பானை ஒன்றின் கழுத்தில் கோலம் இடலாம். வாசலில் புள்ளி வைத்துக் கோலத்தை முடிக்கலாம். எது கைக்கு எட்டுகிறதோ அதில் தொடங்கலாம். பாண்டியனின் கல்வெட்டு யாரை நோக்கி எழுதப்பட்டதோ, அவர்களின் வரிசை இன்னும் முடிந்துவிடவில்லை. சாரல் காலத்தில் சித்திர சபைக்குள் நுழைந்து, சுவரில் விரல் படாமல் நின்று, ஒரே ஒரு கோட்டை அதன் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிட்டு வரும் மாணவரும் அவ்வரிசையில் ஒருவரே.